அறுபது எருமையும் பன்னிரண்டு நாடும்

எட்மண்ட்: ஆறா?

முனிரத்தினம்: ஆறு சார்.

எட்மண்ட்: அறுபதுன்னு சொன்னீங்களே முனிரத்தினம்...

முனிரத்தினம்: சொன்னேன். இப்பவும் சொல்றேன். வாய்க்கு இன்னா சார், அறுபதும் சொல்லும், அறுநூறும் சொல்லும். கொட்டாய்லதான் ஆறு கீது.

எட்மண்ட்: அதுலயும் ஒண்ணுக்குக் கொம்பு உடைஞ்சிருக்கு!

முனிரத்தினம்: கொம்பு உடைஞ்சா ஏப்பம் நின்னுடுமா? நீங்கதானே சொன்னீங்க, கேஸ் பின்னாடி இல்ல, வாய் வழியாதான் வர்துன்னு. வாய் சோக்கா கீது. பாருங்க, உங்க மூஞ்சிக்கு நேராவே ஒண்ணு வுட்டுச்சு.

எட்மண்ட்: சீச்சீ... மீதி அம்பத்துநாலு எங்கே?

முனிரத்தினம்: நீங்க இன்னா மேல நின்னுகினு கீறீங்க?

எட்மண்ட்: உங்க கல்யாண மண்டபத்து வாசப்படி மேல.

முனிரத்தினம்: அதான் சார். கீழ்ஹால் முப்பது எருமை. மாடி இருபது. வாசல்ல கலர் லைட்டு போட்டு ஒரு வளைவு கீதே, அது நாலு.

எட்மண்ட்: வித்துட்டீங்களா? எப்போ?

முனிரத்தினம்: நீங்க போன் பண்ணிக் கேட்டதுக்கு முந்தின வருசம்.

எட்மண்ட்: அப்போ எங்கிட்ட அறுபதுன்னு சொன்னப்பவே...

முனிரத்தினம்: காலேஜி வாத்தியார் ஒருத்தர் மரியாதையா போன் பண்ணி, "உங்க பண்ணைல எத்தினி எருமை?"ன்னு கேக்கறாரு. "ஒண்ணுமில்ல சார், மண்டபம் கட்டிகினு கீறேன்"னு சொன்னா கேக்கற மனசு ஒடஞ்சிடாதா? ஒரு நாள் நேர்லயே வந்து நிப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? இத்தினி வருசமா கம்ப்யூட்டர்லதானே கிளாஸ் எடுத்தீங்க.

எட்மண்ட்: இந்த ஆறு எருமையாவது உங்களுதா?

முனிரத்தினம்: ரெண்டு என்னுது. என்னோட மிச்ச நாலும் மண்டபத்துக்கு நாற்காலி வாங்கப் போச்சு, இந்த நாலு அகரம்தென்ல மச்சான் வூட்டுது. சாயங்காலம் பால் கறக்க அனுப்பிடணும்.

எட்மண்ட்: கர்த்தாவே!

தனக்கோடி: இன்னாய்யா, சார் வந்ததும் வராததுமா சாமியக் கூப்பிட வெச்சுட்ட? வாங்க சார். காபி போடட்டுமா? வெள்ளைக்காரங்க எப்ப வராங்க?

எட்மண்ட்: வெள்ளைக்காரங்க இல்ல தனக்கோடிம்மா. நம்மள மாதிரி வளர்ற நாட்டு ஆளுங்க. பன்னெண்டு நாடு. தீவு, மலை, பாலைவனம், எல்லா ஊர்லயும் இருந்து சர்க்கார் ஆபீசருங்க.

தனக்கோடி: அவ்ளோ தூரத்துலர்ந்து எங்கூட்டு எருமையப் பார்க்கவா?

எட்மண்ட்: எண்ணறதுக்கு. ஒவ்வொரு நாடும் தங்கிட்ட எத்தனை மாடு, எவ்வளவு நெல்லு, எவ்வளவு குப்பை, அதுல இருந்து எவ்வளவு வாயு வானத்துக்குப் போகுதுன்னு கணக்குப் போட்டு உலகத்துக்கு அறிக்கை குடுக்கணும்மா. அந்தக் கணக்கை எப்படிப் போடறதுன்னு சொல்லிக்கொடுக்கத்தான் தாம்பரத்துல எங்க பயிற்சி மையம்.

தனக்கோடி: ஊருல இருக்கற எருமை ஏப்பத்துக்கெல்லாம் கணக்கா?

முனிரத்தினம்: அதுல நம்ம ஏப்பம்தான் தனம் முதல் பாடம்! புக்குல போட்டுகீறாங்க. "முனிரத்தினம் பண்ணை, அறுபது எருமை, மொத்த வாயு எவ்வளவு?" ஆப்பிரிக்காலயும் அந்தக் கணக்குதான், பசிபிக் தீவுலயும் அந்தக் கணக்குதான். உங்க அண்ணன் பேரு மேடவாக்கம் தாண்டி எவனுக்காவது தெரியுமா?

தனக்கோடி: அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து, ஃப்ரேம் போட்டு, மண்டபத்துல மணமேடைக்கு நேரா மாட்டி வெச்சிகீறாரு சார். தாலி கட்டற மாப்ள நிமிர்ந்தா எருமைதான் தெரியும்.

எட்மண்ட்: அந்த ஃப்ரேமுக்கு இன்னியோட முடிவு. ஹேமாவதி மேடம் வராங்க.

முனிரத்தினம்: யாரு அவங்க?

எட்மண்ட்: தலைமை ஆபீஸ்ல இருந்து. பயிற்சி உண்மையா நடக்குதான்னு கண்ணால பார்த்து எழுதிட்டுப் போறவங்க. பன்னெண்டு நாட்டு ஆளும் வரணும், புக்குல இருக்கற அறுபது எருமையும் எதிர்ல நிக்கணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் மையத்தைத் தாம்பரத்துல இருந்து தூக்கி வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவாங்க.

தனக்கோடி: போனாப் போகட்டும் சார். உங்களுக்கும் வயசாகுது. வூட்ல நிம்மதியா குந்துங்க.

எட்மண்ட்: எங்க வீட்லயா? என் வீட்டுக்காரி சாராள் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்மா. அவ இன்னும் ரிட்டயர் ஆகல. காலைல மணி அடிச்சு பிரேயர். அப்புறம் நியூஸ் வாசிப்பு. அப்புறம் நகம் வெட்டியிருக்கான்னு பார்ப்பா. ஸ்கூல் முழுக்க ஸ்டூடன்ட் நான் ஒருத்தன்தான். இந்த மையம் இருக்கறதாலதான் ஒன்பது மணிக்கு கேட்டைத் தாண்டி வெளிய வர்றேன். அது போச்சுன்னா... நான் போச்சு.

முனிரத்தினம்: அழாதீங்க சார். எருமை பார்க்குது.

எட்மண்ட்: எப்படி அழாம இருக்கறது...

முனிரத்தினம்: ஆறு எருமை பத்து தபா வந்தா எத்தினி?

எட்மண்ட்: அறுப... ஐயையோ! வேணாம். அந்தப் பேச்சே வேணாம்.

முனிரத்தினம்: முன் கேட்டுல வெளிய வுடறோம். சந்துல போவுது, மண்டபத்தைச் சுத்துது, பின்னாடி கொட்டாய்க்கு வர்து. திரும்ப முன் கேட்டு. அவங்க மொட்டைமாடில நின்னு எண்ணட்டும். கோயில் தேரே அப்டிதான் சார் சுத்துது, எந்தத் தெருக்காரனாவது நேத்து வந்த தேருன்னு சொல்றானா?

எட்மண்ட்: முனிரத்தினம், உக்காருங்க. என் வகுப்புல முதல் நாள் முதல் மணி நேரம் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு உசுரை ஒரு தடவைதான் எண்ணணும். இந்தத் தொழில்ல கொலைக்குச் சமமான பாவம் எதுன்னா, எண்ணினதையே திரும்ப எண்ணறது. இந்தப் பக்கத்துக் கணக்குலயும் எழுதி, அந்தப் பக்கத்துக் கணக்குலயும் எழுதினா உலகத்து அறிக்கையே குட்டிச்சுவராப் போயிடும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் என் தலைமுடி கொட்டிச்சு. அந்தப் பாவத்தை என் கையாலயே செய்யச் சொல்றீங்களா?

தனக்கோடி: சார், வூட்ல நாளைக்குக் காலைல பிரேயர் எத்தினி மணிக்கு?

எட்மண்ட்: ...அஞ்சரைக்கு.

தனக்கோடி: அப்பறம்?

எட்மண்ட்: ...எருமைக்கெல்லாம் கொம்புல பெயிண்ட் அடிச்சா அடையாளம் தெரியாதில்ல?

முனிரத்தினம்: அப்டி வாங்க வழிக்கு! தனம், பொங்கலுக்கு வாங்கின பெயிண்ட் டப்பா எல்லாம் எங்க?

தனக்கோடி: கொட்டாய்ல கீது. ஆனா ரெண்டு கலர் சேத்து அடிக்காத. எலக்சன் நேரம், எந்தக் கட்சி எருமைன்னு கேப்பாங்க.

எட்மண்ட்: இன்னொண்ணு முனிரத்தினம். மண்டபத்துப் பின்படி சாவி வேணும்.

முனிரத்தினம்: பின்படியா? சமையக்காரங்க ஏறி இறங்கறது சார் அது. எதுக்கு?

எட்மண்ட்: தீ... தீப்பிடிச்சா ஓடறதுக்கு. சர்வதேச விதி.

முனிரத்தினம்: தோ புடிங்க.

எட்மண்ட்: பஸ்ஸை முன்வாசலுக்குக் கொண்டுவர வேணாம். சந்து சின்னது, பின்னாடியே மரத்தடில நிக்கட்டும். அங்கிருந்து அவங்க ஒவ்வொருத்தரா நடந்து முன்வாசலுக்கு வருவாங்க.

முனிரத்தினம்: ஒவ்வொருத்தராவா? ஏன், ஜோடியா வந்தா இன்னா?

எட்மண்ட்: அவங்க நாட்டு மரியாதை அது.

தனக்கோடி: பன்னெண்டு நாட்டுக்கும் ஒரே மரியாதையா?

எட்மண்ட்: அடடா, பஸ் டிரைவர் கூப்பிடறான்... என்னப்பா? கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டிட்டியா? வா, வா... சரி, எல்லாரும் இடத்துக்குப் போங்க. மூணு பேரும் ஒரே போன் கால்ல இருப்போம். யாரும் கட் பண்ணாதீங்க. நான் மாடில, மேடத்துக்கு நாலடி தள்ளி. நீங்க வாசல்ல. தனக்கோடிம்மா பின்னாடி கொட்டாய்ல.

முனிரத்தினம்: வாசல்ல நான் சும்மா நிக்க மாட்டேன். மண்டபத்துக்கு வர்ற எல்லாருக்கும் பன்னீர் தெளிச்சு, நெத்தில சந்தனம் வெச்சு, கல்கண்டு குடுத்துதான் உள்ள வுடுவேன். மதியத்துக்கு பன்னெண்டு இலை சாப்பாடு. அது எங்கூட்டு மரியாதை.

எட்மண்ட்: சந்தனமா? அது... அது வேணுமா முனிரத்தினம்?

முனிரத்தினம்: பின்ன? முனிரத்தினம் பண்ணை சார்!

*

எட்மண்ட்: கேக்குதா? மேடம் வந்துட்டாங்க. மாடில படிக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்து, வர்றவங்க நாட்டுப் பேரை எழுதறாங்க.

முனிரத்தினம்: முதல் ஆளு வராரு. நல்ல உசரம். வெள்ளைத் தொப்பி, மஞ்ச ஷூ. வாங்க சார், வெல்கம், வெல்கம்! பன்னீர் தெளிச்சாச்சு. எந்த நாடு இவரு?

எட்மண்ட்: தீவு நாடு.

முனிரத்தினம்: ரெண்டாவது ஒரு அம்மா. மூணாவது குண்டா ஒருத்தர். நாலாவது கண்ணாடிக்காரர். எல்லாம் தொப்பி போட்டுகினு சோக்கா கீறாங்க சார்.

தனக்கோடி: யோவ், பச்சை பெயிண்ட் முடிஞ்சுது. ஆறு எருமைக்கும் அடிச்சுட்டேன். உடைஞ்ச கொம்புக்கு துணி சுத்தி அடிச்சிகீறேன்.

முனிரத்தினம்: அஞ்சாவது ஆளு. சார், இவரும் நல்ல உசரம். சிவப்புத் தொப்பி. எந்த நாடு?

எட்மண்ட்: மலை நாடு.

முனிரத்தினம்: மலை நாட்டுக்காரரும் மஞ்ச ஷூ போட்டுகினு வராரு?

எட்மண்ட்: தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல தள்ளுபடி. எல்லாரும் அங்கதான் வாங்கினாங்க.

முனிரத்தினம்: அது சரி. ஆனா பன்னீர் தெளிக்கப் போனா, சட்டை ஏற்கெனவே நனைஞ்சு கீதே?

எட்மண்ட்: வேர்வை முனிரத்தினம். குளிர்ல இருந்து வந்தவரு.

முனிரத்தினம்: நெத்தில சந்தனம் வேற கீது...

எட்மண்ட்: பஸ்லயே வெச்சு விட்டாங்க! சும்மா கேள்வி கேக்காம உள்ள அனுப்புங்க, மேடம் பேனாவைத் தூக்கிட்டு உக்காந்திருக்காங்க!

தனக்கோடி: சார், பின்படில யாரோ தடதடன்னு எறங்கி ஓடறாங்க. தீப்புடிச்சிடுச்சா?

எட்மண்ட்: இல்லம்மா, பாத்ரூம். நீங்க கொம்பைப் பாருங்க.

தனக்கோடி: பாத்ரூம் போறவரு எதுக்குய்யா தொப்பிய மாத்தறாரு?

எட்மண்ட்: வெயில்மா, வெயில்! வேற வேற வெயிலுக்கு வேற வேற தொப்பி!

முனிரத்தினம்: பன்னெண்டாவது ஆளு ஏறியாச்சு. இவரு நெத்தில சந்தனம் அப்பளம் மாதிரி அம்மாம் மொத்தமா கீது சார். நான் அதுக்கு மேலயே இன்னொண்ணு வெச்சு வுட்டேன்.

எட்மண்ட்: நல்லது. மேடம் பன்னெண்டு நாடும் ஆஜர்னு எழுதிட்டாங்க. இப்ப மொட்டைமாடிக்குப் போறோம். எருமையை விடுங்க.

முனிரத்தினம்: தனம், வுடு!

தனக்கோடி: ஹேய்! ஹேய்! போ, போ...

எட்மண்ட்: ஒண்ணு, ரெண்டு... ஆறு. அருமை. எல்லாம் பச்சைக் கொம்பு. அடுத்தது?

தனக்கோடி: கொஞ்சம் இருங்க சார், இப்பதான் சுத்தி வந்துகினு கீது. பச்சைக்கு மேலயே நீலம் அடிக்கிறேன்.

எட்மண்ட்: சீக்கிரம்... பன்னெண்டு. பதினெட்டு. நல்லா எண்ணறாங்க. என்ன மேடம்? ஆமா மேடம், மத்தவங்க கீழ டீ குடிக்கப் போயிருக்காங்க. நாலு நாலு பேரா வந்து எண்ணுவாங்க. குழுப் பயிற்சி மேடம்... முனிரத்தினம்! கொம்பு!

முனிரத்தினம்: இன்னா கொம்பு?

எட்மண்ட்: துணி முதல் சுத்துலயே அவிழ்ந்துடுச்சு போல. மேடம் பார்த்துட்டாங்க. மூணு கூட்டத்துலயும் ஒரு எருமைக்கு இடக்கொம்பு உடைஞ்சிருக்கே, ஏன்னு கேக்கறாங்க!

முனிரத்தினம்: பரம்பரைன்னு சொல்லுங்க.

எட்மண்ட்: என்னது?

முனிரத்தினம்: ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க. தாயிக்கு இடக்கொம்பு உடைஞ்சிது, அந்த துக்கத்துல குடும்பத்துக்கே உடைஞ்சிதான் பொறக்குது.

எட்மண்ட்: ...பரம்பரை மேடம். ஆமா மேடம். இந்த ஊர் பேராலயே வேங்கைவாசல் இனம்னு பேரு... எழுதிக்கிட்டாங்க முனிரத்தினம்! தனி இனம்னு எழுதிக்கிட்டாங்க!

தனக்கோடி: ஆறு சுத்து ஓடிடுச்சு, ஆறு கலர் பெயிண்டும் தீந்துபோச்சுய்யா. இன்னும் நாலு சுத்து கீது.

முனிரத்தினம்: ஸ்டோர் ரூம்ல நேத்து ரிசப்ஷன் மாலை கெடக்குது பாரு, அதப் போடு. அடுத்த சுத்துக்கு மாப்ள ஊர்வலக் குடைய எட்த்துகினு போ.

எட்மண்ட்: குடை பிடிச்சு எருமை வருதா? இருங்க... ஆமா மேடம், வெயில் தாங்காத இனம் மேடம்... நாப்பத்தெட்டு. அம்பத்துநாலு. இன்னும் ஒரே ஒரு சுத்து!

தனக்கோடி: சார், சந்துல ஆளுங்களும் எருமையும் எதிரெதிரா வந்துட்டாங்க. மஞ்ச ஷூக்காரர் சுவத்தோட சுவரா ஒட்டிகினு நிக்கறாரு. எருமை அவரப் பார்த்துத் தலைய ஆட்டுது.

எட்மண்ட்: ஆட்டட்டும், ஆட்டட்டும்... அறுபது! வந்துடுச்சு! அறுபது! நிறுத்துங்க முனிரத்தினம்!

முனிரத்தினம்: நிறுத்து தனம்!

தனக்கோடி: எங்க நிறுத்தறது? அதுங்களுக்குப் பழகிப்போச்சு! கொட்டாய்க்கு வந்து, என் மூஞ்சியப் பார்த்து, அதுங்களே முன் கேட்டுக்குத் திரும்பிடுச்சு!

எட்மண்ட்: அறுபத்தாறு! போச்சு, அறுபத்தாறு! முனிரத்தினம், கேட்டை மூடுங்க! இப்படியே போனா அந்தத் தீவு நாட்டு மொத்த அறிக்கையை விட உங்க மண்டபம் அதிகமா ஏப்பம் விட்டுடும்!

முனிரத்தினம்: கேட்ட மூடினா கேட்டத் தள்ளிகினு வர்து சார்! ஐயே... வுடு, வுடு! மண்டபத்துக்குத் தண்ணி எறக்க வந்த லாரிக்காரன் பின்னாடி நிக்கறான் பாரு தனம், டேங்கர் குழாயத் தொறக்கச் சொல்லு!

தனக்கோடி: தொறந்துட்டான்! சந்தெல்லாம் தண்ணி... படுத்துடுச்சு. ஆறும் படுத்துடுச்சுய்யா! சேத்துல சுகமா குந்திகினு அசை போடுது. பெயிண்ட் எல்லாம் கரைஞ்சு ரங்கோலி மாதிரி ஓடுது.

எட்மண்ட்: உஷ்... மேடம் எழுதறாங்க. அறுபத்தாறு... என்ன மேடம்? ஆமா மேடம், புக்கு அச்சடிச்சப்ப அறுபதுதான். இப்ப ஆறு கூடியிருக்கு... நன்றி மேடம். ரொம்ப நன்றி மேடம்... இறங்கி கார்ல ஏறிட்டாங்க. போயிட்டாங்க! முனிரத்தினம்!

முனிரத்தினம்: இன்னா சார் சொன்னாங்க?

எட்மண்ட்: எத்தனையோ மையம் பார்த்தாங்களாம். நாடும் குறையாம, மாடும் குறையாம இருக்கற ஒரே இடம் இதுதானாம். மையம் தாம்பரத்துலயே இருக்கும்! புக்குல அடுத்த பதிப்புல அறுபத்தாறுன்னு திருத்தி, வேங்கைவாசல் இனம்னு ஒரு படமும் போடச் சொல்லிட்டாங்க!

முனிரத்தினம்: படமா! தனம், கேட்டியா? ஃப்ரேம மாத்தணும்! சார், இனிமே மாசா மாசம் வாங்க. அந்த எருமைய வித்தத விட இன்னிக்குத்தான் எனக்குப் பெரிய லாபம்.

எட்மண்ட்: நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நான் கேட்டைத் தாண்டி வெளிய வருவேன் முனிரத்தினம். அது போதும் எனக்கு.

முனிரத்தினம்: கண்ணத் தொடச்சுட்டு வாங்க, சாப்பிடலாம். பன்னெண்டு இலையும் போட்டாச்சு. தனம் பரிமாறிகினு கீறா.

எட்மண்ட்: பரிமாற... இப்பவா? இல்ல, அவங்களுக்குப் பொட்டலமாக் கட்டிக் குடுத்தா போதும். பஸ்ல சாப்பிட்டுக்குவாங்க.

முனிரத்தினம்: கல்யாண மண்டபத்துல பொட்டலமா? எங்கூட்டு மானம் போயிடும் சார்.

தனக்கோடி: யோவ்... இங்க வந்து இத்தப் பாரேன்.

முனிரத்தினம்: இன்னா, சாம்பார் பத்தலியா?

தனக்கோடி: எல்லாம் பத்துது. பன்னெண்டு இலை போட்டேன், நாலு பேரு குந்துனாங்க. சரி, மிச்ச எட்டு நாடு கை கழுவிகினு வருதுன்னு நெனச்சு எல்லா இலைலயும் சோறு வெச்சுட்டேன். இப்ப அந்த மஞ்ச ஷூக்காரர் ஒரு இலைய வழிச்சு சாப்டு எழுந்தாரு. பைலேர்ந்து சிவப்புத் தொப்பிய எட்த்து மாட்டிகினாரு. அடுத்த இலைல குந்திகினு, "நெய் கொஞ்சம்"ங்கறாரு.

முனிரத்தினம்: ...சார்.

எட்மண்ட்: சொல்லுங்க.

முனிரத்தினம்: பின்படி சாவி... நனைஞ்ச சட்டை... அப்பளம் மாதிரி சந்தனம்...

எட்மண்ட்: எட்டு நாட்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல வந்தாங்க முனிரத்தினம். வகுப்பு முழுக்க கேமராவை ஆஃப் பண்ணிட்டு. நேர்ல வந்தது நாலு நாடுதான்.

முனிரத்தினம்: ஒரு உசுர ஒரு தபாதான் எண்ணணும்... கொலைக்குச் சமமான பாவம்னு... காலைல என்னைக் குந்த வெச்சு கிளாஸ் எடுத்தீங்களே சார்?

எட்மண்ட்: எடுத்தேன். உங்களுக்காவது கொம்புக்கு அடிக்க ஆறு கலர் பெயிண்ட், மாலை, குடை எல்லாம் கிடைச்சுது முனிரத்தினம்... எனக்கு ஆளுக்கு மூணு தொப்பிதான் கிடைச்சுது.